அரசுத் தரவு மையங்களில் காப்பு மின்சாரம்

கோப்பும் பேரேடுமே அரசு அலுவலகத்தின் கருவிகளாக இருந்த காலத்தில், மின்தடை ஏற்பட்டால் விசிறி நின்றது, வேலை நிற்கவில்லை. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்தர் தம் பதிவேட்டை எழுதி முடிக்க இயன்றது. இன்று நிலைமை வேறு. சாதிச் சான்றிதழ், நிலப் பதிவேட்டின் நகல், முதியோர் ஓய்வூதியம், நியாயவிலைக் கடையில் கைரேகை வைத்துப் பெறும் அரிசி, கருவூலத்திற்கு அனுப்பப்படும் பட்டியல் ஆகிய அனைத்தும் எங்கோ ஓர் அறையில் இரவும் பகலும் இயங்கும் கணிப்பொறிகளைச் சார்ந்துள்ளன. அவ்வறையில் மின்சாரம் நின்றால், பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்தில் வரிசை நகராமல் நின்றுவிடுகிறது. ஒரு நாள் கூலியை இழந்து வந்து நிற்பவருக்கு ‘நாளை வாருங்கள்’ என்ற விடையே கிடைக்கிறது. ஆகவே, தரவு மையத்தின் காப்பு மின்சாரம் பொறியியல் பிரிவின் தனிக் கவலையாக இருந்த நிலை மாறி, பொது நிர்வாகத்தின் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது.

வளர்ச்சியும் அதன் சுமையும்

அரசுப் பணிகளில் கணிப்பொறியைப் புகுத்தும் நோக்குடன் தேசியத் தகவலியல் மையம் 1976ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. மாவட்டங்களைத் துணைக்கோள் வழியே இணைக்கும் ‘நிக்நெட்’ அமைப்பு 1987இல் தொடங்கியது. 2006இல் தேசிய மின் ஆளுமைத் திட்டம் ஏற்கப்பட்டது. மாநிலந்தோறும் ஒரு தரவு மையம் அமைக்கும் திட்டத்திற்கு 2008இல் ஒப்புதல் கிடைத்தது. ஐதராபாத், புனே, தில்லி, புவனேசுவரம் ஆகிய இடங்களில் தேசியத் தரவு மையங்கள் எழுந்தன. அரசுக்கெனத் தனிக் கணிப்பொறி மேகமான ‘மேகராஜ்’ 2014இல் தொடங்கப்பட்டது.

இத்தகைய பெரிய மையங்கள் தொடக்கத்திலிருந்தே அப்பணிக்கெனத் திட்டமிடப்பட்டவை. ஆனால் பல துறைகளும், ஆணையங்களும், மாநகராட்சிகளும், பல்கலைக்கழகங்களும் தம் பழைய கட்டடங்களில் ஓர் அறையை ஒதுக்கி, அதில் தம் கணிப்பொறிகளை வைத்துள்ளன. முதலில் இரண்டு கணிப்பொறிகள் இருந்த அறையில் இன்று பத்து அடுக்குகள் நிற்கின்றன. சுமை ஆண்டுதோறும் கூடியது. அதற்கு மின்சாரம் தரும் ஏற்பாடோ பழைய நிலையிலேயே தங்கிவிட்டது. காப்பு மின்சாரத்தைப் புதுப்பிக்கும் தேவை மிகுந்து காணப்படுவது இத்தகைய இடங்களில்தான்.

மின்தொகுப்பு கற்பித்த பாடம்

2012ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அதிகாலையில் வட மண்டல மின்தொகுப்பு செயலிழந்தது. சீர்செய்யப்பட்ட மறுநாளே, ஜூலை 31 பிற்பகலில், வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மண்டலத் தொகுப்புகளும் ஒருசேர வீழ்ந்தன. ஏறத்தாழ 48,000 மெகாவாட் சுமை துண்டிக்கப்பட்டது. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு இருளில் ஆழ்ந்தது. இதற்குப்பின் தொகுப்பின் ஒழுங்குமுறைகள் இறுக்கப்பட்டன. 2013 டிசம்பர் 31 அன்று தென் மண்டலமும் இணைக்கப்பட்டு, நாடு முழுவதும் ஒரே அலைவெண்ணில் இயங்கும் ஒரே தொகுப்பாயிற்று.

எனினும் ஓர் அலுவலகத்தைப் பொறுத்தவரை, நாடு தழுவிய வீழ்ச்சி அரிய நிகழ்ச்சியே. அதன் மின்சாரம் தடைபடுவதற்கான அன்றாடக் காரணங்கள் சிறியவை: தெருவைத் தோண்டும்போது அறுபட்ட கேபிள், பழுதடைந்த மின்மாற்றி, மழையில் முறிந்து விழுந்த கிளை, முன்னறிவிப்புடன் செய்யப்படும் பராமரிப்பு நிறுத்தம். இவற்றினும் நுண்மையானது, கண்ணிமைக்கும் நேரத்திற்குள் மின்னழுத்தம் தாழ்ந்து மீளுவது. விளக்கு சற்றே மங்கியதை எவரும் கவனிப்பதில்லை. ஆனால் கணிப்பொறியின் மின்பகுதி உள்ளீடின்றித் தாங்கக்கூடிய நேரம் பொதுவாக ஒரு நொடியின் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்கேயாகும். அதற்கு மேல் இடைவெளி நீண்டால் இயந்திரம் அணைந்துவிடும்; எழுதிக்கொண்டிருந்த பதிவு பாதியில் முறியும். தொகுப்பு எவ்வளவு வலுப்பெற்றாலும் காப்பு ஏற்பாடு தேவைப்படுவதன் காரணம் இதுவே.

ஒரு சங்கிலியின் கண்ணிகள்

காப்பு மின்சாரம் தனியொரு கருவியால் கிடைப்பதில்லை. அது ஒன்றையொன்று பற்றி நிற்கும் பல கண்ணிகளைக் கொண்ட சங்கிலி. மின் வாரியத்தின் இணைப்பு முதற்கண்ணி. அது நின்றதை உணர்ந்து சுமையை ஜெனரேட்டருக்குத் திருப்பும் தானியங்கி மாற்று சுவிட்ச் இரண்டாவது. டீசல் ஜெனரேட்டர் மூன்றாவது. இடையறா மின்வழங்கி எனப்படும் யு.பி.எஸ். நான்காவது. அதனுடன் இணைந்த பாட்டரித் தொகுதி ஐந்தாவது. இவற்றிலிருந்து கணிப்பொறி அடுக்குவரை செல்லும் பகிர்வுப் பலகையும் கம்பிகளும் ஆறாவது. நிலத் தொடர்பு இவை அனைத்திற்கும் அடிப்படையானது.

தரவு மையங்களில் பயன்படும் யு.பி.எஸ்., உள்ளே வரும் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, மீண்டும் தூய மாறுமின்னோட்டமாக மாற்றித் தருகிறது. பாட்டரி இவ்விரு மாற்றங்களுக்கும் இடையே எப்போதும் இணைந்திருக்கிறது. ஆதலால் வெளி மின்சாரம் நிற்கும் கணத்தில் மாறுவதற்கென்று இடைவெளி எதுவும் இல்லை. கணிப்பொறிக்கு நிகழ்ந்ததே தெரியாது. பின்னர் பத்து முதல் பதினைந்து நொடிகளில் ஜெனரேட்டர் இயங்கத் தொடங்கிச் சுமையை ஏற்கிறது. அவ்வாறாயின் பாட்டரிக்குப் பத்து, பதினைந்து நிமிடத் திறன் எதற்கு என்ற கேள்வி எழலாம். ஜெனரேட்டர் முதல் முயற்சியில் கிளம்பாவிட்டால் மறுமுயற்சி செய்யவும், அதுவும் தவறினால் கணிப்பொறிகளை முறையாக மூடிப் பதிவுகளைக் காப்பாற்றவும் அந்த அவகாசம் தேவைப்படுகிறது.

இங்கு அடிக்கடி நேரும் ஒரு பிழையைச் சுட்டுதல் தகும். சில இடங்களில் இரண்டு மணி நேரம் தாங்கும் பாட்டரி இருக்கும்; ஆனால் அறையின் குளிர்சாதனம் ஜெனரேட்டருடன் இணைக்கப்பட்டிருக்காது. மின்தடையின்போது கணிப்பொறிகள் இயங்கும், குளிரூட்டல் நின்றிருக்கும். நெருக்கமாக அடுக்கிய அறையில் சில நிமிடங்களிலேயே வெப்பம் ஏறி, இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே நின்றுவிடும். மின்சாரம் இருந்தும் சேவை இல்லை என்ற நிலை இவ்வாறு உண்டாகிறது.

எது முதலில் மூப்படைகிறது

இச்சங்கிலியில் மிக விரைவாக மூப்படைவது பாட்டரியே. நாட்டில் பெரும்பான்மையாகப் பயன்படுவது, பராமரிப்பு குறைந்தது எனப்படும் மூடிய வகை ஈய-அமிலப் பாட்டரி. அதன் ஆயுள் ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கென்றே கணக்கிடப்பட்டுள்ளது. அதற்குமேல் ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் பொது விதி. மாடிப்படியின் கீழோ, காற்றோட்டமற்ற மூலையிலோ 35 பாகை வெப்பத்தில் வைக்கப்பட்ட ஐந்தாண்டுப் பாட்டரி, மூன்றாம் ஆண்டை எட்டுவதே அரிது. கணிப்பொறி அறைக்குக் குளிரூட்டி அமைத்துவிட்டுப் பாட்டரி அறையை மறந்துவிடுவது செலவு மிக்க சிக்கனமாகும்.

பாட்டரிகள் தொடராக இணைக்கப்படுவதும் கருதத்தக்கது. 384 வோல்ட் தொகுதியில் 12 வோல்ட் பாட்டரிகள் 32 இருக்கும். ஒவ்வொன்றிலும் 6 மின்கலங்கள் வீதம் 192 மின்கலங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று உட்புறம் அறுபட்டால் முழு வரிசையும் பயனற்றுப்போகும். யு.பி.எஸ். முகப்பில் பச்சை விளக்கு எரிவது, அந்தப் பலவீனமான மின்கலம் சுமையைத் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது. சுமை ஏறும் கணத்தில்தான் உண்மை வெளிப்படும். அப்போது திருத்த நேரமிராது. ஆகையால் ஒரே பெரிய வரிசைக்குப் பதில் இரு சிறு வரிசைகளை இணையாக வைப்பது பாதுகாப்பானது. ஒரு வரிசை தவறினும் மற்றது குறைந்த நேரத்திற்காவது தாங்கும்.

முதற்படி அளவிடுதல்

புதுப்பிக்கும் பணி விலைப்புள்ளி கோருவதில் தொடங்கலாகாது. அளவிடுதலில் தொடங்க வேண்டும். கணிப்பொறிகளின் பின்புறத் தகட்டில் அச்சிட்டுள்ள வாட் அளவுகளைக் கூட்டிச் சுமையைக் கணக்கிடுவது வழக்கம். அவை உச்ச அளவுகளாதலால் உண்மைச் சுமை அவற்றிற்கு வெகுவாகக் குறைந்தே இருக்கும். இதன் விளைவாகத் தேவைக்கு மிஞ்சிய கருவி வாங்கப்படுகிறது. அது குறைந்த சுமையில், குறைந்த பயன்திறனுடன் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. மாத இறுதி, தேர்வு முடிவு வெளியாகும் நாள், மார்ச் 31 போன்ற நெருக்கடி நாட்களையும் உள்ளடக்கிச் சில வாரங்களுக்கு மின்சுமையைப் பதிவு செய்தால் உண்மை தெரியவரும்.

அடுத்து, சேவைகளை வகைப்படுத்த வேண்டும். எந்தச் சேவை ஒரு நொடியும் நிற்கலாகாது, எது அரை மணி நேரம் நிற்கலாம், எது மறுநாள் தொடரலாம் என்பதைப் பொறியாளர் தீர்மானிக்க இயலாது. துறைத் தலைவரே தீர்மானிக்க வேண்டும். அவசர உதவி அழைப்பு, மருத்துவமனைப் பதிவேடு, கருவூலம் ஆகியவை ஒருபுறம். பயிற்சிக்கான கணிப்பொறி, பழைய ஆவணக் களஞ்சியம் ஆகியவை மறுபுறம். எல்லாவற்றையும் முதல் வகையில் சேர்ப்பது எளிது. ஆனால் அதற்கான செலவைத் தாங்க முடியாமல், இறுதியில் எல்லாமே அரைகுறையாகக் காக்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

உண்மைச் சுமை 40 கிலோவாட் உள்ள ஒரு மையத்தைக் கொள்வோமானால், அதற்குப் பதினைந்து நிமிடங்களுக்குத் தேவைப்படும் ஆற்றல் 10 கிலோவாட்-மணி. யு.பி.எஸ். இழப்பைச் சேர்த்தால் ஏறத்தாழ 10.5. பாட்டரியின் கொள்ளளவு 80 சதவீதமாகக் குறையும்போது அதனை மாற்ற வேண்டும் என்பது முறை. அந்த இறுதி நாளிலும் அது பணியாற்றுவதற்காக 1.25 மடங்கு கூட்டினால் சுமார் 13 கிலோவாட்-மணி ஆகிறது. ஈய-அமிலப் பாட்டரி பதினைந்து நிமிடங்களில் விரைந்து காலியாகும்போது, அதன் பெயரளவுக் கொள்ளளவில் ஏறக்குறைய பாதியையே தருகிறது. எனவே வாங்க வேண்டியது சுமார் 26 கிலோவாட்-மணி. பத்து மணி நேர அளவீட்டில் குறிக்கப்பட்ட கொள்ளளவைக் கண்டு, 10 கிலோவாட்-மணித் தொகுதியே போதும் எனக் கருதுவோர் மின்தடையன்று ஏமாற்றம் அடைவர்.

இதே மையத்தில் பயன்திறனின் மதிப்பையும் காணலாம். குறைந்த சுமையில் ஓடும் பழைய யு.பி.எஸ். 85 சதவீதப் பயன்திறன் உடையது எனில், 40 கிலோவாட் தருவதற்கு 47 கிலோவாட் வாங்குகிறது. 95 சதவீதத் திறனுள்ள புதிய கருவி 42 கிலோவாட் வாங்குகிறது. வேறுபாடு ஏறத்தாழ 5 கிலோவாட். ஆண்டின் 8,760 மணி நேரத்திற்கு இது சுமார் 43,000 யூனிட் ஆகும். இவ்வளவும் அறையினுள் வெப்பமாகவே வெளிப்படுவதால், அதை அகற்றக் குளிரூட்டிக்கு மேலும் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் தேவை. மொத்தம் ஏறத்தாழ 58,000 யூனிட். யூனிட்டுக்கு ரூ.8 என்று கொண்டால், ஆண்டுக்கு ரூ.4.6 லட்சத்திற்கு மேல் மிஞ்சுகிறது. கருவியின் கொள்முதல் விலையை மட்டும் ஒப்பிடும் பட்டியலில் இத்தொகை இடம்பெறுவதில்லை. பத்தாண்டுச் செலவை ஒப்பிட்டால் குறைந்த விலைக் கருவி குறைந்த செலவுக் கருவியாக இருப்பதில்லை என்பது புலனாகும்.

தொகுதிகளாக அமைந்த கருவி

புதிய யு.பி.எஸ். கருவிகள் சிறு தொகுதிகளின் கூட்டாக அமைக்கப்படுகின்றன. 40 கிலோவாட் சுமைக்கு 20 கிலோவாட் தொகுதிகள் இரண்டும், கூடுதலாக ஒன்றும் வைக்கப்படும். ஒரு தொகுதி பழுதானால் மற்ற இரண்டும் சுமையை ஏற்கும். பழுதானதைச் சேவை நிற்காமலேயே வெளியே எடுத்து மாற்றலாம். பின்னாளில் சுமை வளர்ந்தால் ஒரு தொகுதியைச் சேர்த்தால் போதும். பத்தாண்டுக்குப் பின் வரக்கூடிய சுமைக்கு இன்றே பெருங்கருவி வாங்க வேண்டிய தேவை ஒழிகிறது.

மற்றொரு நன்மையும் உண்டு. பழைய வகை மின் திருத்திகள் மின்னோட்டத்தின் அலைவடிவைச் சிதைத்தன. அச்சிதைவு கம்பிகளையும் மின்மாற்றியையும் சூடாக்கியதோடு, ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தையும் நிலைகுலையச் செய்தது. அதனால் தேவையினும் பெரிய ஜெனரேட்டர் வாங்க நேர்ந்தது. புதிய திருத்திகளில் இச்சிதைவு மிகச் சிறிதாகையால், அளவான ஜெனரேட்டர் போதுமானதாகிறது. சங்கிலியின் ஒரு கண்ணியில் செய்யும் சீர்திருத்தம் மற்றொன்றின் செலவைக் குறைப்பதற்கு இது நல்ல சான்று.

ஈயமா, லித்தியமா?

பாட்டரியைப் பொறுத்து இன்று இரு வழிகள் உள்ளன. ஈய-அமிலப் பாட்டரி விலை குறைந்தது. நாட்டில் தாராளமாகக் கிடைப்பது. பழையதை மறுசுழற்சி செய்யும் முறை வேரூன்றியது. ஆனால் கனமானது, வெப்பத்தில் விரைவில் நலிவது, ஐந்தாறு ஆண்டுகளில் மாற்ற வேண்டியது. லித்தியம் பாட்டரி எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இருக்கும். இடம் குறைவாகக் கொள்ளும். பத்தாண்டுக்கு மேல் உழைக்கும். விரைவாக மின்னேற்றம் பெறும். ஒவ்வொரு மின்கலத்தின் நிலையையும் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு அதனுள்ளேயே இருக்கும். தொடக்க விலையோ கூடுதல்.

லித்தியம் என்பது ஒரே பொருளைக் குறிப்பதுமன்று. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை குறைந்த எடையில் அதிக ஆற்றலைக் கொள்ளும்; எனினும் பழுதுபடும்போது விரைவில் கட்டுக்கடங்கா வெப்பநிலையை அடையக்கூடும். இரும்பு பாஸ்பேட் வகை ஆற்றலில் சற்றுக் குறைந்தது. வெப்பத்தில் கூடுதல் நிலைத்தன்மை உடையது. நிலையாக ஓரிடத்தில் வைக்கும் தொகுதிக்கு எடை பெருங்குறையாகாததால், பின்னதே பொருத்தமானது எனலாம். எவ்வகையாயினும், எரியத் தொடங்கிய லித்தியம் பாட்டரியைச் சாதாரணத் தீயணைப்பு வாயு அணைப்பதில்லை. சுடர் அடங்கியபின்னும் உள்வெப்பத்தால் அது மீண்டும் பற்றிக்கொள்ளும். நெடுநேரம் நீர் பாய்ச்சிக் குளிர்விக்க வேண்டும். நீரோ பக்கத்தில் நிற்கும் கணிப்பொறிகளுக்குப் பகை.

தேஜோன் நகரத் தீ விபத்து

தென் கொரியாவின் தேஜோன் நகரில், அந்நாட்டு அரசின் தேசியத் தகவல் வளச் சேவை நிலையம் இயங்குகிறது. 2025 செப்டம்பர் 26ஆம் நாள் இரவு அதன் ஐந்தாம் தளத்தில் தீப்பற்றியது. கணிப்பொறிகளுக்கு அருகில் வைத்திருந்த லித்தியம் பாட்டரிகளைப் பாதுகாப்புக் கருதிக் கீழ்த்தளத்திற்கு மாற்றும் பணி அப்போது நடந்துகொண்டிருந்தது. அப்பாட்டரிகள் பத்தாண்டு உத்தரவாதக் காலத்தைக் கடந்தவை. தீயை முற்றிலும் அணைக்க ஏறத்தாழ 22 மணி நேரம் பிடித்தது. 647 அரசுச் சேவை அமைப்புகள் நின்றன என முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அவ்வெண்ணிக்கை 709 எனத் திருத்தப்பட்டது. அடையாளச் சான்று, அஞ்சலக வங்கி முதலியன தடைபட்டன. அரசு ஊழியர்கள் தம் பணிக்கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் களஞ்சியம் எரிந்து அழிந்தது. அளவில் மிகப் பெரிது என்ற காரணத்தால் அதற்கு வேறிடத்தில் நகல் வைக்கப்பட்டிருக்கவில்லை.

இந்நிகழ்ச்சியிலிருந்து பெறத்தக்க பாடங்கள் மூன்று. பாட்டரியும் கணிப்பொறியும் ஒரே அறையில் இருத்தலாகாது. இடையே தீயைத் தடுக்கும் சுவர் வேண்டும். ஆயுள் முடிந்த பாட்டரி இயங்கிக்கொண்டிருப்பினும் மாற்றப்பட வேண்டும். மின்சாரக் காப்பு எவ்வளவு சிறப்பாயினும், அது தரவுகளின் மறுநகலுக்கு ஈடாகாது. சங்கிலியின் மிக ஆபத்தான நேரம் மின்தடை நேரும் நேரமன்று, அதைத் திருத்தும் பணி நடக்கும் நேரமே என்பதையும் இவ்விபத்து உணர்த்துகிறது.

ஆகவே மாற்றும் பணிக்கென எழுத்து வடிவில் ஒரு செயல்முறை இருக்க வேண்டும். தரவுகளின் நகல் வேறு ஊரில் சேர்ந்துவிட்டதை உறுதி செய்தல், வாடகைக்குப் பெற்ற தற்காலிகக் கருவிக்குச் சுமையை மாற்றுதல், பாட்டரிகளின் மின்னேற்றத்தைக் குறைத்து ஒவ்வொரு வரிசையையும் முழுவதும் துண்டித்தல், தீயணைப்புத் துறைக்கு முன்னறிவிப்புத் தருதல், பின்னரே கருவியைத் தொடுதல் என வரிசை அமைய வேண்டும். ஒவ்வொரு படியிலும் பின்வாங்கும் வழி எது என்பதும் குறிக்கப்பட வேண்டும். விடுமுறை நாள் வசதியானது என்பதற்காக, அனுபவமற்ற ஆட்களைக் கொண்டு அவசரமாக இப்பணியை முடிப்பது தவறாகும்.

டீசலும் அதன் வரம்புகளும்

மேற்கூறிய 40 கிலோவாட் மையத்திற்குக் குளிரூட்டல், மின்னேற்றம், விளக்குகள் ஆகியவற்றையும் சேர்த்தால் ஜெனரேட்டரின் சுமை 65 முதல் 70 கிலோவாட் ஆகும். 125 கே.வி.ஏ. அளவுள்ள கருவி இதற்குப் பொருந்தும். லிட்டருக்குச் சுமார் 3.3 யூனிட் என்ற கணக்கில் மணிக்கு ஏறத்தாழ 20 லிட்டர் டீசல் செலவாகும். ஒரு முழு நாளுக்கு 480 லிட்டர். சேமிப்புத் தொட்டியின் அளவும், உரிமமின்றிச் சேமிப்பதற்கான சட்ட வரம்பும் இதைக்கொண்டு கருதப்பட வேண்டும்.

ஜெனரேட்டர் மிகப் பெரியதாக இருப்பதும் குற்றமே. திறனில் கால் பங்கு சுமையில் நெடுங்காலம் ஓடும் எஞ்சினில் எரிபொருள் முழுதும் எரிவதில்லை. கரி படிந்து எஞ்சின் கெடுகிறது. நீண்ட நாள் தேங்கிய டீசலில் நீர் சேர்ந்து கசடு உண்டாகிறது. ஜெனரேட்டர் கிளம்ப மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணமாவது, அதைக் கிளப்பும் சிறிய பாட்டரியே. ஒரு சிறு பாட்டரியின் புறக்கணிப்பு ஒரு மாவட்டத்தின் சேவையை நிறுத்திவிடக்கூடும்.

வைக்குமிடமும் முக்கியமானது. 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தில் அவசர ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் தாழ்ந்த தளங்களில் இருந்தன. ஆழிப்பேரலையின் நீர் புகுந்ததும் அவை செயலற்றன. மழைநீர் தேங்கும் நம் நகரங்களின் தரைக்கீழ்த் தளங்களும் இவ்வகையில் நம்பத்தக்கவை அல்ல. 2019 மே 3ஆம் நாள் ஒடிசாவைத் தாக்கிய ‘ஃபானி’ புயலுக்குப் பின், பூரியிலும் புவனேசுவரத்திலும் பல பகுதிகளுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. கடலோர மையங்கள் சில மணி நேரக் கணக்கை விடுத்து, சாலைகள் அடைபட்டிருக்கும் நாட்களின் கணக்கில் எரிபொருளைத் திட்டமிட வேண்டும்.

டீசலின் புகையும் கருத்தில் கொள்ளத்தக்கது. 800 கிலோவாட் வரையிலான புதிய ஜெனரேட்டர்களுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடுமையான உமிழ்வு விதிகள் 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தலைநகர் மண்டலத்தில் காற்று மாசு மிகும் காலங்களில் ஜெனரேட்டர்களின் இயக்கமே கட்டுப்படுத்தப்படுகிறது. அங்குள்ள அலுவலகங்கள் விதிவிலக்கை எதிர்பார்ப்பதினும், தம் கருவியை விதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதே முறை.

கூரையில் சூரிய மின்தகடுகள் இருப்பதால் ஜெனரேட்டர் தேவையில்லை என்ற எண்ணமும் சிலரிடம் உண்டு. தொகுப்புடன் இணைந்த சாதாரணச் சூரிய அமைப்பு, தொகுப்பில் மின்சாரம் நின்றதும் கம்பியில் பணிபுரிவோரின் பாதுகாப்புக் கருதித் தானும் நின்றுவிடும்படி அமைக்கப்பட்டது. மேலும் 40 கிலோவாட் சுமைக்கு ஒரு நாளில் 960 யூனிட் தேவை. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தருமாகையால், 240 கிலோவாட் தகடுகளும் ஏறத்தாழ 2,400 சதுர மீட்டர் கூரையும் வேண்டும். சூரிய மின்சாரம் கட்டணத்தைக் குறைக்க உதவும். சேமிப்புப் பாட்டரியும் உரிய இணைப்பும் இருந்தால் டீசலையும் குறைக்கும். ஆனால் காப்பு மின்சாரத்திற்கு அது மட்டும் போதாது.

பொறுப்பு யாருடையது?

தொழில்நுட்பத்தினும் கடினமானது நிர்வாக ஏற்பாடு. பல அலுவலகங்களில் கட்டடத்தின் மின்னமைப்பு பொதுப்பணித் துறையின் மின்பிரிவைச் சார்ந்தது. யு.பி.எஸ். கணிப்பொறிப் பிரிவின் சொத்துப் பதிவேட்டில் உள்ளது. டீசல் வாங்குவது பொதுப்பிரிவின் வேலை. குளிரூட்டி ஓர் ஒப்பந்தக்காரரிடம். ஒவ்வொருவரும் தம் கண்ணியைச் சரியாகவே வைத்திருப்பதாகக் கூறுவர். சங்கிலி முழுவதற்கும் பொறுப்பானவர் எவரும் இல்லை. மின்தடையன்று சேவை நின்றால், காரணம் எந்தப் பிரிவைச் சார்ந்தது என்று கடிதப் போக்குவரத்து தொடங்குகிறது.

நிதி ஒதுக்கீட்டிலும் இக்குறை உண்டு. புதிய கருவிக்கு மூலதனச் செலவாக நிதி பெறுவது எளிது. திறப்பு நாளும் குறிக்கப்படும். ஐந்தாம் ஆண்டில் பாட்டரி மாற்றத்திற்கு நிதி கேட்கும் கோப்போ, கருவி இயங்கிக்கொண்டுதானே இருக்கிறது என்ற குறிப்புடன் திரும்பி வருகிறது. பாட்டரி மாற்றத்தின் ஆண்டும் மதிப்பீடும் முதல் நிதி முன்மொழிவிலேயே சேர்க்கப்பட்டால் இந்த இடர்ப்பாடு நீங்கும். பழைய பாட்டரிகளை 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி முறையாக ஒப்படைப்பதும் அம்மதிப்பீட்டில் அடங்க வேண்டும். அதிக விலை தருகிறார் என்பதற்காகப் பதிவு பெறாத வணிகரிடம் விற்கப்படும் ஈயம், எங்கோ ஒரு குடியிருப்பின் மண்ணையும் குழந்தைகளின் உடலையும் நஞ்சாக்கக்கூடும்.

சோதனையே சான்று

காப்பு மின்சாரம் இருக்கிறதா என்பதை அறிய நம்பகமான வழி, வெளி மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்திப் பார்ப்பதே. மாதந்தோறும் ஜெனரேட்டரை உண்மைச் சுமையுடன் அரை மணி நேரம் இயக்குதல், காலாண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு பாட்டரியின் உள்தடையையும் அளந்து எழுதுதல், ஆண்டுக்கொரு முறை பாட்டரியின் கொள்ளளவைச் சோதித்தல், தலைமை அதிகாரியின் முன்னிலையில் முதன்மைச் சுவிட்சை அணைத்துச் சங்கிலி முழுவதையும் சோதித்தல் ஆகியவை நடைமுறையாக வேண்டும். சோதனையில் ஏற்படும் தவறு சில நிமிட இடையூறோடு முடியும். உரிய ஆட்கள் அருகில் இருப்பர். அதே தவறு நள்ளிரவுப் புயலில் நேர்ந்தால் அவ்வாறிராது.

இவற்றின் முடிவுகள் ஒரே பதிவேட்டில், ஒரே அதிகாரியின் கையொப்பத்துடன் இருத்தல் நன்று. அந்த அதிகாரி பொறியாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. எல்லாக் கண்ணிகளையும் பற்றிக் கேட்கும் உரிமையும், கேட்டதற்கு விடை பெறும் அதிகாரமும் அவருக்கு இருந்தால் போதும். புதிய கருவி வாங்க நிதி இல்லாத அலுவலகமும் இந்த ஏற்பாட்டை இன்றே செய்ய இயலும். அளவிடுதல், பாட்டரி அறையின் வெப்பத்தைத் தணித்தல், ஜெனரேட்டரின் கிளப்பு பாட்டரியை மாற்றுதல், தரவுகளின் நகலை வேறிடத்தில் சேர்த்தல் ஆகியவற்றிற்குப் பெருநிதி தேவையில்லை. இவற்றை முடித்தபின் வாங்கப்படும் புதிய கருவி அளவானதாகவும் நீடித்து உழைப்பதாகவும் அமையும்.

கிராமத்து நியாயவிலைக் கடையில் கைரேகை வைத்து நிற்பவர், தம் அரிசிக்குப் பின்னால் 192 மின்கலங்கள் இருப்பதை அறியார். அறிய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. அவற்றுள் ஒன்று நலிந்திருப்பதை அலுவலகத்தில் ஒருவராவது முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.